மெய்ப்பொருளை எந்த அளவையால் அளப்பது? சிவஞானபோதத்தின் மூன்று வரிகள்

மணிமேகலையின் முப்பதாம் காதையில், ஒரு கேள்வி வந்தால் எத்தனை விதமாக விடை சொல்லலாம் என்று அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி நான்கு வழிகளைப் பிரித்துக் காட்டுகிறார். தோன்றிய பொருள் கெடுமா என்று கேட்டால் கெடும் என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். அது துணிந்து சொல்லல். செத்தவன் மறுபடி பிறப்பானா என்றால், பற்று அற்றவனா அறாதவனா என்று பிரித்த பிறகே பதில் சொல்ல வேண்டும். அது கூறிட்டு மொழிதல். முட்டை முந்தியதா பனை முந்தியதா என்றால், எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்பது வினாவின் விடுத்தல். ஆகாயப்பூ பழையதா புதியதா என்று கேட்பவனிடம் வாயே திறக்காமல் இருப்பது வாய்வாளாமை.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான மெய்ப்பொருளை அறிய முடியுமா, அதைச் சொல்லில் வைக்க முடியுமா என்ற கேள்வியை இந்த நான்கில் எதில் போடுவது? பலரும் நான்காவதில் போட்டுவிடுகிறார்கள். ‘அது சொல்லுக்கு அடங்காதது’ என்று சொல்லிக் கும்பிட்டு நகர்ந்துவிடுவது எளிது, கேட்கவும் இனிது. ஆனால் தமிழில் இந்தக் கேள்வியை மிக நெருக்கமாகப் பிடித்து உலுக்கியவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. அவர்கள் அதைக் கூறிட்டார்கள். அறிய முடியுமா என்று மொட்டையாகக் கேட்டால் விடை இல்லை. எதனால் அறிய, யார் அறிய, அறிந்ததை எந்தச் சொல்லால் சொல்ல என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விடை கிடைக்கிறது.

இந்தக் கூறிடலின் உச்சம் என்று 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் செய்த, சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரத்தைச் சொல்லலாம். நூல் மொத்தமே பன்னிரண்டு சூத்திரம், நாற்பது வரி. அதில் இந்தக் கேள்விக்கு ஒதுக்கியது மூன்று வரி:

உணருரு அசத்தெனின் உணரா தின்மையின்
இருதிறன் அல்லது சிவசத் தாமென
இரண்டு வகையின் இசைக்குமன் னுலகே.

இதற்குள் நுழைய வேண்டுமானால் அதற்கு முன் அளவைகளை, அதாவது அறிவைப் பெறும் கருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அளவை தெரியாமல் இந்தச் சூத்திரத்தைப் படிப்பது படி எத்தனை நாழி என்று தெரியாமல் நெல் அளப்பது போல.

எத்தனை அளவை?

அறிவு என்று எதைச் சொன்னாலும் அதற்கு நான்கு உறுப்புகள் உண்டு: அளக்கிறவன், அளக்கும் கருவி, அளக்கப்படும் பொருள், அளந்து பெற்ற அறிவு. வடமொழியில் பிரமாதா, பிரமாணம், பிரமேயம், பிரமிதி. இவற்றில் கருவி எத்தனை என்பதில்தான் சமயங்கள் முதலில் பிரிகின்றன. உலகாயதர் காண்டல் (நேரே காண்பது) ஒன்றையே ஏற்பர். பௌத்தர் அதோடு கருதலையும் (ஊகித்து அறிவதையும்) சேர்த்து இரண்டு என்பர். சாங்கியர் உரையையும் (நம்பத்தக்க சொல்லையும்) சேர்த்து மூன்று. நையாயிகர் ஒப்பைச் சேர்த்து நான்கு. பிரபாகர மீமாம்சகர் ஐந்து, பாட்ட மீமாம்சகர் ஆறு. பத்து வரை எண்ணியவர்களும் உண்டு. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி அந்தப் பத்தையும் வரிசையாகச் சொல்கிறான்.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே இந்தக் கணக்கைத் தீர்க்கிறார். காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு, ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என்று பத்தையும் எண்ணிவிட்டு, எல்லாம் முதல் மூன்றில் அடங்கும் என்கிறார். எப்படி அடங்கும் என்பதை இரண்டு மூன்றில் பார்த்தால் போதும். ‘இங்கே குடம் இல்லை’ என்பது அபாவம். குடம் இல்லாத தரையைக் கண்ணால் கண்டுதானே சொல்கிறோம், அது காண்டலிலேயே சேரும். ‘பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான்’ என்பது பொருள் அளவை, அது கருதல். ‘இந்த மரத்தில் ஒரு தெய்வம் உண்டு’ என்று ஊர் சொல்லி வருவது ஐதிகம். அது உரையின் ஒரு வகை.

ஆகக் கையில் இருப்பவை மூன்று. இவற்றை ஒவ்வொன்றாக மெய்ப்பொருளின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

காண்டல் இரண்டு படியாக நடக்கிறது. முதலில் ‘ஏதோ ஒன்று’ என்ற அளவில் ஒரு பதிவு. அதுவே நிருவிகற்பக் காட்சி. பிறகு அதன் மேல் பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்ற ஐந்தும் ஏறுகின்றன. தெருவில் ஏதோ தெரிகிறது. பிறகு அது லட்சுமி (பெயர்), பசு (சாதி), கறுப்பு (குணம்), நடக்கிறது (தொழில்), கொம்புடையது (பொருள்) என்று தெளிகிறது. இந்த இரண்டாம் படிதான் சவிகற்பக் காட்சி. வாயால் சொல்லக்கூடியதெல்லாம் இந்தப் படியில்தான் கிடைக்கிறது. சொல் என்பது இந்த ஐந்து கொக்கிகளில் ஏதாவது ஒன்றில்தான் மாட்டும்.

மெய்ப்பொருளுக்கு இந்த ஐந்து கொக்கியும் கிடையாது. அதன் இனத்தில் இன்னொன்று இல்லை, ஆகவே சாதி இல்லை. மற்றொன்றோடு வேறுபடுத்திக் காட்டும் குணம் இல்லை. கொம்பு போல ஒட்டிக்கொண்டிருக்கும் உடைமை இல்லை. பெயர்கள் ஆயிரம் இருந்தாலும் எல்லாம் நாம் வைத்தவை. ‘சொல்ல முடியாது’ என்பதற்கு இதைவிடத் துல்லியமான காரணம் கேட்க முடியாது: சொல்லைத் தாங்கும் கொக்கி அங்கே இல்லை.

கருதல் கொஞ்சம் தூரம் போகும். ‘இம்மலை நெருப்புடையது, புகை உடைமையால், அடுக்களை போல’ என்ற பழைய எடுத்துக்காட்டு எல்லாருக்கும் தெரிந்தது. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற மூன்று உறுப்பு இதில் இருக்கிறது. உபநயம், நிகமனம் என்று இன்னும் இரண்டைச் சேர்த்து ஐந்து என்பவர்களும் உண்டு. சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அதைத் தோற்றுவிப்பவன் ஒருவன் உண்டு. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது போல.

குடத்தைப் பார்த்துக் குயவன் உண்டு என்று சொல்லலாம். அவனுக்குக் குடம் வனையத் தெரியும் என்றும் சொல்லலாம். அவன் உயரம் என்ன, நிறம் என்ன, இப்போது தூங்குகிறானா விழித்திருக்கிறானா என்று குடம் சொல்லாது. புகை நெருப்பைக் காட்டும், எரிவது புளியங்கட்டையா வேலங்கட்டையா என்று காட்டாது. கருதல் தருவது ‘உண்டு’ என்ற ஒன்றையும், நம்மோடு தொடர்புபட்ட பக்கத்திலிருந்து தெரியும் இலக்கணத்தையும் மட்டுமே. இதற்குத் தடத்த இலக்கணம் என்று பெயர். தன்னளவில் அது எப்படி இருக்கிறது என்பது சொரூப இலக்கணம். அங்கே கருதல் போய்ச் சேராது. இந்தப் பிரிவை மறந்தவர்கள்தான் கடவுள் உண்டு என்று நிறுவிய கையோடு அவர் என்ன நினைக்கிறார் என்றும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது உரை, அதாவது ஆகமம். இங்கே சைவர் ஏதாவது சலுகை கொடுத்திருப்பார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சித்தியாரின் ஒன்பதாம் சூத்திரப் பகுதி அதைக் கொடுக்க மறுக்கிறது. வேதம், சாத்திரம், மிருதி, புராணம், கலைஞானம், வைகரி முதலான வாக்குகள் வழியாகப் பெற்ற அறிவு அத்தனையும் நாதம் வரை பாசஞானம், அதாவது கட்டின் வழியாக வரும் அறிவு என்கிறார் அருணந்தி. ‘நானே பிரமம்’ என்று ஆன்மா தன்னை வைத்து அறிவது பசுஞானம். இரண்டும் மெய்ப்பொருளைத் தொடாது. வேதத்தைத் தலைமேல் வைத்துப் போற்றும் ஒரு மரபு, அந்த வேதத்தால் வரும் அறிவையும் பாசத்தின் பக்கம் நிறுத்துவதை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். தாம் எழுதிக்கொண்டிருக்கும் நூலையும் சேர்த்தே அவர் அந்தப் பக்கம் நிறுத்துகிறார்.

சொல் ஏன் எட்டாது

இந்த முடிவுக்குப் பின்னால் சொல்லைப் பற்றிய ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் வாக்கு நான்கு நிலைகளில் பிறக்கிறது. முதலில் சூக்குமை: ஒலியும் எழுத்தும் இல்லாத நுண்ணிய நிலை. அடுத்தது பைசந்தி. மயில் முட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் நீரில் தோகையின் நிறம் எதுவும் தனித்துத் தெரியாது. ஆனால் எல்லா நிறமும் அங்கே இருக்கிறது. எழுத்துகள் அப்படிப் பிரியாமல் கலந்து கிடக்கும் நிலை பைசந்தி. மூன்றாவது மத்திமை: எழுத்துகள் உள்ளே வரிசைப்பட்டுவிட்டன, காதுக்கு மட்டும் கேட்கவில்லை. மனத்துக்குள் ஒரு வாக்கியத்தை ஓட்டிப் பார்க்கிறோமே, அது இதுதான். நான்காவது வைகரி: பல்லும் நாவும் உதடும் பட்டு வெளியே வரும் ஒலி.

நான்கும் சுத்த மாயையிலிருந்து தோன்றுபவை. மாயை என்பது இங்கே பொய் என்று பொருள்படாது, உலகுக்கு மூலமான சடப்பொருள் என்பதே பொருள். உலகும் உடலும் கருவிகளும் அமைந்த கூறுகளான முப்பத்தாறு தத்துவங்களின் கணக்கில் மண் முதல் நாதம் வரை எல்லாமே அதன் விரிவு: ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5. கண்ணும் காதும் மனமும் புத்தியும் இதில் அடக்கம், சொல்லும் அடக்கம். ஆகவே ஒரு சொல்லைப் பயன்படுத்துகிற கணமே நாம் முப்பத்தாறுக்குள் நிற்கிறோம். முப்பத்தாறுக்கு வெளியே இருப்பதை முப்பத்தாறுக்குள் இருக்கும் கருவியால் எடுக்க முடியாது என்பது இவர்கள் வாதத்தில் ஒரு கருவிக் கணக்கு.

‘ஒன்று’ என்ற சொல்லுக்கே இந்தக் கதிதான். இரண்டாம் சூத்திரத்தின் வார்த்திகத்தில் (சூத்திரத்தோடு வரும் விளக்கவுரையில்) அத்துவிதம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு ‘ஒன்று’ என்று பொருள் கொள்வதை மெய்கண்டார் மறுக்கிறார். ‘ஒன்று’ என்று சுட்டினால், சுட்டுகிற ஒருவனும் அங்கே இருந்தாக வேண்டும், உடனே இரண்டாகிவிடுகிறது. ஆகவே அத்துவிதம் என்றால் ‘வேறு அல்லாமை’ என்று மட்டும்தான் கொள்ளலாம். எண்ணிக்கையாகப் பேசிய சொல் உறவாக மாறிவிடுகிறது. மெய்ப்பொருள் ஒன்றா பலவா என்று மேடையில் மோதுகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கடந்து வந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சூத்திரத்துக்குள்

இப்போது மூன்று வரிக்கு வரலாம். பன்னிரண்டு சூத்திரங்களில் முதல் மூன்றும் பிரமாண இயல்: பதி (இறைவன்), பாசம் (கட்டு), பசு (உயிர்) மூன்றும் உண்டு என்று நிறுவுபவை. நான்கு முதல் ஆறு வரை இலக்கண இயல்: அவற்றின் இயல்பு சொல்பவை. ‘உண்டு’ என்பது முன்பே முடிந்தது. ‘எப்படிப்பட்டது’ என்ற கேள்விதான் ஆறாவதில் வருகிறது. இந்த இடவரிசையைக் கவனிக்காமல் ஆறாம் சூத்திரத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்தால் அது வெறும் சொல்விளையாட்டு போலத் தோன்றும்.

‘உணர் உரு அசத்து எனின்’: அறியப்படுவது என்றால் அது அசத்து ஆகும். ‘உணராது இன்மையின்’: அறியப்படாதது என்றால் அது இல்லாததாகும். ‘இருதிறன் அல்லது’: இந்த இரண்டு தன்மையும் அல்லாதது எதுவோ அதுவே ‘சிவசத்து ஆம்’. இப்படி ‘இரண்டு வகையின் இசைக்கும் மன் உலகே’: நிலைபெற்ற உயர்ந்தோர் அதை இருவகையாகச் சொல்வர்.

சூத்திரம் இப்படி இரண்டு கவையாகப் பிரிகிறது. ‘அறியப்படுவது அசத்து’ என்ற முதல் கவையில் சறுக்குபவர்கள் மிகப் பலர். அசத்து என்றவுடன் பொய், கானல், மாயத்தோற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வார்த்திகத்தின் எடுத்துக்காட்டு வெண்பாவில் நீர்மேல் எழுத்து, கனவு, பேய்த்தேர் (கானல்) என்ற மூன்றும் வருவதால் இந்த மயக்கம் இன்னும் கூடுகிறது. ஆனால் அங்கே சொல்லும் காரணம் வேறு. அறிவினால் அறியப்படும் பொருள்கள் விளங்கி நின்றே விளங்காமலும் போகின்றன, அதனால் அசத்து. அதாவது ஒரே நிலையில் நில்லாதது அசத்து. நீரில் எழுதும்போது எழுத்து நிச்சயமாக உருவாகிறது, நிற்பதில்லை, அவ்வளவே. உலகம் உள்பொருள் என்பதில் சைவ சித்தாந்தத்துக்கு ஐயமே இல்லை. அப்படியிருக்க இந்தச் சூத்திரத்தைக் காட்டி ‘உலகம் பொய் என்று மெய்கண்டாரும் சொல்லிவிட்டார்’ என்று எழுதுவது திரியக் கோடல், அதாவது ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது; சிப்பியை வெள்ளி என்று எடுப்பது.

அறியப்படுவது ஏன் நில்லாததாக இருக்க வேண்டும்? இங்கே அறிவு என்பது சுட்டறிவு. ‘இது’ என்று விரல் நீட்டும் அறிவு. ‘இது’ என்றால் அது ஓர் இடத்தில், ஒரு காலத்தில், மற்றவற்றிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது. வெட்டி எடுக்க முடிந்ததற்கு எல்லை உண்டு. எல்லை உள்ளது மாறும். நம் அறிவு ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பற்றும். இந்த வரியைப் படிக்கும்போது முந்தைய வரி கையைவிட்டுப் போய்விட்டது. ஒவ்வொன்றாக உணர்வதுதான் ஆன்ம அறிவின் கட்டு என்று அருணந்தியும் சொல்கிறார். எங்கும் நிறைந்ததை ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றும் அறிவால் பிடித்தால், பிடிபட்டது எங்கும் நிறைந்ததாக இருக்காது.

இரண்டாம் கவை இன்னும் கடினம். இங்கேதான் சூத்திரத்தை உலுக்கிப் பார்க்க வேண்டும். அறியப்படாதது இல்லாததாகிவிடுமா? நிலவின் மறுபக்கத்தை 1959இல் லூனா 3 படம் எடுத்து அனுப்பும்வரை மனிதர் யாரும் பார்த்ததில்லை. அதற்காக அது இல்லாமல் இருந்ததா? இந்த மறுப்பு நியாயமானது. ஆனால் சூத்திரம் சொல்லும் ‘உணராமை’ இது அன்று. நிலவின் மறுபக்கம் அன்றைக்குக் காணப்படாதது, அவ்வளவே. கருதலால் அறியப்பட்டுத்தான் இருந்தது. சூத்திரம் பேசுவது எந்த அளவையாலும், எந்த அறிவாலும், எக்காலத்தும் அறியப்படாத ஒன்றைப் பற்றி. அப்படிப்பட்டதற்குத் தருக்க நூல்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு முயற்கோடும் (முயல் கொம்பும்) ஆகாயப்பூவும்.

அப்படியும் ஒருவன் விடாமல், ‘எவராலும் ஒருக்காலும் அறியப்படாமலே ஒன்று இருக்கக் கூடாதா’ என்று கேட்கலாம். சித்தாந்தி தரும் விடை, ‘உண்டு’ என்று சொல்வதற்கே ஓர் அளவை வேண்டும், அளவையே இல்லாத இடத்தில் ‘உண்டு’ என்ற சொல்லுக்கு நிற்க இடமில்லை என்பது. இந்த விடை பாதி தூரம்தான் போகிறது என்பது நம் கணிப்பு. அப்படி ஒன்று ‘உண்டு’ என்று சொல்லும் உரிமையை அது பறிக்கிறது. ‘இல்லை’ என்று நிறுவவில்லை. ஆனால் சூத்திரத்துக்கு அந்தப் பாதியே போதும். ஏனென்றால் மெய்ப்பொருள் உண்டு என்பது முதல் சூத்திரத்தில் கருதலால் கிடைத்துவிட்டது. எவ்வாற்றானும் அறியப்படாதது என்ற கூட்டத்தில் அதை இனிச் சேர்க்க முடியாது. ஆகவே ஆறாம் சூத்திரத்தின் பாரம் முழுவதும் உண்மையில் முதல் சூத்திரத்தின் தோளில் இருக்கிறது. தோற்றமும் ஒடுக்கமும் தோற்றுவிப்பவனைக் காட்டும் என்பதைப் பௌத்தரும் உலகாயதரும் ஏற்பதில்லை. அவர்களுக்கு ஆறாம் சூத்திரம் ‘இருந்தால் இப்படி இருக்கும்’ என்ற அளவில்தான் நிற்கும். சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிற சமயங்களை மறுக்கும் பகுதியில், பதினான்கு சமயத்தாரோடு அருணந்தி அத்தனை நீளமாக வாதாடுவதற்கு இந்தப் பாரமும் ஒரு காரணம்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் இதே கவையில் வந்து மாட்டினார் என்பதையும் போகிற போக்கில் சொல்லலாம். 1781இல் வெளியான தம் நூலில், பொருள்கள் நமக்குத் தோன்றும் விதத்தைத்தான் அறிய முடியும், தன்னளவில் பொருள் எப்படி இருக்கிறது என்று அறிய முடியாது என்றார். அறியவே முடியாதென்றால் அது இருக்கிறது என்று மட்டும் எப்படித் தெரிந்தது என்று அவர் காலத்திலேயே கேட்டுவிட்டார்கள். ‘உணராது இன்மையின்’ என்ற இரண்டு சொல்லும் கேட்பது அதையேதான்.

‘அறியவும் படும், அறியப்படாமலும் இருக்கும்’ என்று இரண்டையும் ஒட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். சமணர் கிட்டத்தட்ட அந்த வழியில் போனார்கள். உண்டு, இல்லை, சொல்ல முடியாது என்ற மூன்றையும் தனித்தனியாகவும், இரண்டிரண்டாகவும், மூன்றும் சேர்த்தும் எடுத்தால் 3, 3, 1 என்று ஏழு வாக்கியம் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு நோக்கில் உண்மை. மெய்கண்டாரின் ‘இரண்டு வகை’ மேலோட்டமாக இதைப் போலத் தெரிந்தாலும் கட்டுமானம் வேறு. சமணர் பார்க்கும் கோணத்தைப் பிரிக்கிறார்கள். இவர் அறிகிற கருவியைப் பிரிக்கிறார். பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் அறியப்படாது, பதிஞானத்தால் அறியப்படும். சிவம் என்றது அது சுட்டுக்கு அகப்படாமையை. சத்து என்றது அது சூனியம் ஆகாமையை. இதைத்தான் ‘சிவசத்து’ என்ற ஒரு தொடரில் அடைத்தார் என்பது உரையாசிரியர் வழி. இந்த இடத்தை விரிவாகத் துலக்கியவர் 1785இல் மறைந்த திருவாவடுதுறைச் சிவஞான முனிவர். அவருடைய பேருரையான மாபாடியம் இல்லாமல் இந்தச் சூத்திரத்தில் கால் வைப்பது கடினம்.

பதிஞானம் என்ற கருவி

எல்லாம் சரி, அந்தப் பதிஞானம் என்பது என்ன? நான்காவதாக ஓர் அளவையா? அப்படி வைத்தால் அளவை மூன்றே என்று சொன்னது பொய்யாகும். இங்கே மரபு எடுக்கும் உவமை ஒளி. இருட்டறையில் குடத்தைக் காண விளக்கு வேண்டும். விளக்கைக் காண இன்னொரு விளக்கு வேண்டாம். ஒளிக்கு மற்றோர் ஒளி தேவையில்லை என்று வார்த்திகம் இதை ஏதுவாகவே வைக்கிறது. கண் ஞாயிற்றை ஞாயிற்றின் ஒளியால்தான் காண்கிறது. ‘அவன் அருளாலே அவன் தாள் வணங்கி’ என்று மணிவாசகர் பாடியதில் உள்ள மூன்றாம் வேற்றுமை உருபு இந்த நுட்பத்தைத்தான் தாங்கி நிற்கிறது.

இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். கண் திறந்திருக்கிறது, எதிரே ஆள் நடந்து போகிறார், ஆனால் மனம் வேறெங்கோ இருந்ததால் ‘பார்க்கவில்லை’ என்கிறோம். கண்ணுக்குக் காட்டுவது உள்ளம். உள்ளம் சேராவிட்டால் கண் காணாது. ஆனால் தனக்குக் காட்டும் உள்ளத்தைக் கண் ஒருநாளும் கண்டதில்லை. ஐந்தாம் சூத்திரமும் பதினோராம் சூத்திரமும் இந்த ஒரே அமைப்பை ஒரு படி மேலே ஏற்றுகின்றன: உள்ளம் கண்ணுக்குக் காட்டுவது போல உள்ளத்துக்கும் ஒன்று கண்டு காட்டுகிறது. கண்ணுக்கு உள்ளம் எதிரே வைத்துக் காணும் பொருளாக இருக்க முடியாது. அது கண்ணின் காணுதலுக்குள்ளேயே இருக்கிறது. மெய்ப்பொருளும் அப்படி என்றால், அதை எதிரே தேடும் ஒவ்வொரு முயற்சியும் தவறான திசையில் போகிறது.

இந்த இடத்தில் இரண்டு கேள்விகள் குழம்பிக் கிடப்பதைப் பிரித்தாக வேண்டும். அறிய முடியாமை வேறு, சொல்ல முடியாமை வேறு. தாய் தன் மணாளனோடு கூடிய சுகத்தை மகளுக்குச் சொல் என்றால் எப்படிச் சொல்வாள் என்று திருமந்திரம் கேட்கிறது. அவள் அறியாதவள் அல்லள்; சொல்லத்தான் முடியவில்லை. கற்கண்டின் இனிப்பும் பலாவின் இனிப்பும் வேறு என்று நாக்குக்குத் தெரியும். அந்த வேற்றுமையைச் சொல்லில் வை என்றால் புலவனும் திணறுவான். ஆகவே ‘சொல்ல முடியவில்லை, அதனால் அது அறிவுக்கு எட்டாதது’ என்ற வாதமும் நிற்காது. ‘சொல்ல முடியவில்லை, அதனால் அது மிக உயர்ந்தது’ என்ற வாதமும் நிற்காது. பலா இனிப்புக்கும் அதே பெருமையைக் கொடுக்க வேண்டி வரும்.

சொல்லால் வருணிக்க முடியாது என்றால் குரு எதற்கு, உபதேசம் எதற்கு என்ற கேள்விக்கு எட்டாம் சூத்திரத்தில் வரும் உவமை விடை வைத்திருக்கிறது. வேடர்களிடம் சிக்கி அவர்களோடு வளர்ந்த அரச குமாரன் தன்னை வேடன் என்றே நினைத்திருக்கிறான். தந்தை வந்து ‘நீ என் மகன்’ என்கிறான். ஐம்புலன்களாகிய வேடரிடம் அயர்ந்து வளர்ந்த உயிருக்குக் குரு உணர்த்துவதும் அப்படி. அந்த மூன்று சொல்லில் அரசனைப் பற்றிய வருணனை எதுவும் இல்லை. அரண்மனை எத்தனை முழம், யானை எத்தனை என்ற தகவல் இல்லை. பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்ற ஐந்து கொக்கியில் ஒன்றையும் அது தொடவில்லை. கேட்டவன் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த ஒரு பிழையை மட்டும் அது எடுத்துவிடுகிறது. சொல்லால் வருணிப்பது ஒன்று, சொல்லால் உணர்த்துவது மற்றொன்று. முதலாவது முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகும் இரண்டாவது மிஞ்சியிருக்கிறது. வேதம் பாசஞானம் என்ற பிறகும் வேதத்தைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கு இந்த வேறுபாடே போதிய காரணம்.

வெளியே நின்று பார்ப்பவருக்கு ஓர் இடர் இங்கே இருக்கத்தான் செய்கிறது. வந்தவன் உண்மையான தந்தையா, வேடம் போட்டு வந்த எத்தனா என்று காட்டில் வளர்ந்த பையன் எதைக் கொண்டு தீர்மானிப்பான்? காரணம் இல்லாமல் ‘இவர்தான் உன் தாய், இவர்தான் உன் தந்தை’ என்று பிறர் சொல்ல, அதை அப்படியே நம்புவதை மணிமேகலையின் அளவைவாதி எட்டு அளவைக் குற்றங்களில் ஒன்றாக, ‘நினைப்பு’ என்ற பெயரில் எண்ணி வைத்திருக்கிறான். எடுத்துக்காட்டுகூட ஏறத்தாழ ஒன்றுதான். சித்தாந்தி இதற்குக் கொடுக்கும் விடை எட்டாம் சூத்திரத்தில் ‘தவத்தினில் உணர்த்த’ என்று ஒரே தொடராக இருக்கிறது: உயிரை மறைக்கும் மலம் பக்குவப்பட்டு, நல்வினை தீவினை என்ற இருவினையும் ஒத்து, கேட்பவன் தயாராக இருக்கும்போதுதான் அந்தச் சொல் வேலை செய்யும். தயாராகாதவனுக்கு அதே மூன்று சொல் இன்னொரு செய்தி மட்டுமே. அவனிடம் அது நினைப்பாகத்தான் போய் நிற்கும்.